ஏழாம் இன்னிங்ஸில் வாய் திறந்த ராய்ஸ் டில்மனுக்கு

இப்போதெல்லாம் யார் ஓய்வு பெற்றாலும் கைதட்டிவிடுகிறார்கள். அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்க்கிறார்கள். கைப்பேசியிலிருந்து நாலு வரி எடுத்து, பெயரை மட்டும் மாற்றி வாசித்து, கேக்கை வெட்டி, வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்படித்தான் கல்லூரி அலுவலகமும் ஒன்றை அனுப்பியது. அதைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, மைதானப் பணியாளர்களில் மூத்தவரான ஆர்லோ ஹக்ஸ் எங்கள் அனைவர் சார்பிலும் தம் கையாலேயே எழுதிய மடல் இது. பிழை இருந்தால் பள்ளிக்கூடத்தைக் கேளுங்கள். அவர் அங்கே அதிக நாள் இருந்ததில்லை.

கான்சாஸ் காற்றுக்கும் கலங்காத காவலரே! மழைக்கு முந்தி மைதானம் சேரும் மாவீரரே! செம்மண்ணைச் சீவிச் சீராட்டிய செம்மலே! எங்கள் தலைவர் ராய்ஸ் டில்மன் அவர்களே!

இக்கல்லூரியின் பேஸ்பால் அணிக்கு நான்காண்டு கேட்சராக, மட்டையாளருக்குப் பின்னால் குந்தி, பிசகிய விரலைக் கட்டிக்கொண்டு பந்து பிடித்து, முழங்கால் இரண்டையும் இந்த மண்ணுக்கே கொடுத்தவர் நீங்கள். ஆட்டம் உங்களை விட்ட பிறகும் நீங்கள் அதை விடாமல், அதே மைதானத்தில் புல் வெட்டவும் கோடு போடவும் வந்து சேர்ந்து, முப்பதாண்டுக்கு மேல் எங்களை மேய்த்தீர்கள். சூறைக்காற்றில், மழைக்கு மைதானத்தை மூடும் தார்ப்பாயோடு பறந்துபோய் வேலியில் மோதி விழுந்த நீங்கள், கண் விழித்ததும் கேட்டது, "பாய் கிழியலையே?" என்பதுதான்.

உங்கள் பெருமையைச் சொல்ல வந்துவிட்டு அந்த இறுதி ஆட்டத்தைச் சொல்லாமல் போக முடியாது. நம் அணிக்குக் கெர்மிட் வான்ஸ் பந்து வீசிக்கொண்டிருந்தார். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஏழு முடிந்தும் எதிரணிக்கு ஒரு ஹிட்கூட இல்லை; ஒருவரும் அவர் பந்தை அடித்து ஓடிச் சேரவில்லை. அப்படி வீசுகிறவரிடம் ஒருவரும் பேசக்கூடாது. பேசினால் ராசி போய்விடும். அணி மொத்தமும் பெஞ்சின் இந்தக் கோடியில் ஒடுங்கிக்கொள்ள, அவர் அந்தக் கோடியில் தனியாக இருந்தார். பெரிய அணிகளுக்கு ஆள் பொறுக்க வந்தவர்கள் அரங்கில் இருந்தார்கள். அதில் ஒருவருக்கு உங்கள்மேல் கண் என்பது உங்களுக்கும் தெரியும். தெரிந்தே எழுந்து போய்க் கெர்மிட்டின் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். அப்போதே மைதான வேலையில் இருந்த ஆர்லோ, படியருகே நின்று கேட்டது இது.

"கைய நீட்டுடா, பாக்கலாம்."

"போடா அங்க. இன்னைக்கு எங்கிட்ட பேசக் கூடாதுன்னு உனக்குத் தெரியாது?"

"நீ வீசற பந்து எங்கிட்டதானடா வருது? முழங்கை போச்சு உனக்கு. நாளைக்கு ஸ்பூன் தூக்கவாச்சும் கை வேணாமா?"

பயிற்சியாளரிடமும் போய்ச் சொன்னீர்கள். கெர்மிட்டை வெளியே எடுத்தார்கள். அடுத்து வந்தவரின் முதல் பந்திலேயே ஹிட் விழுந்தது; ஆட்டம் போயிற்று, கோப்பை போயிற்று. ராசியைக் கெடுக்கிறவன் நமக்கு வேண்டாம் என்று சொல்லி, ஆள் பொறுக்க வந்தவர் காரேறினார். வேறு எந்த அணியும் உங்களைக் கூப்பிடவில்லை. ஊர் உணவகத்தில் உங்கள் மேசைக்கு மட்டும் காப்பி தாமதமாக வந்தது.

அந்த வாரமே கெர்மிட்டின் முழங்கையை அறுத்துத் தைத்த மருத்துவர், இன்னும் கொஞ்சம் வீசியிருந்தால் கை அவ்வளவுதான் என்றார். கெர்மிட் குணமாகி, சின்ன ஊர் அணிகளில் ஒன்பது பருவம் சம்பளத்துக்கு வீசினார். உங்களுக்கு மட்டும் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒரு வசந்தகால மழையில் வேலி தாண்டி வந்து, நீங்கள் இழுத்த தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்து இழுத்தார். இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

கைக்கு எட்டிய வாழ்வை இன்னொருவர் கைக்காக விட்டவர் நீங்கள். அதை இத்தனை ஆண்டில் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. உங்கள் கீழ் வேலை பார்த்தோம் என்று எங்கேயும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வோம். இனி வானம் இருண்டாலும் எழுந்து ஓட வேண்டாத நாற்காலியும், வலிக்காத முழங்காலும், நீண்ட ஆயுளும் உங்களுக்கு அமைய வேண்டும் என்று மைதானப் பணியாளர் அனைவரும் இதில் கையெழுத்திட்டிருக்கிறோம்.

இந்தக் கடைசி வரிகள் மட்டும் ஆர்லோ எழுதியவை அல்ல; மற்ற நாங்கள் அடியில் சேர்த்தவை. அன்று நீங்கள் செய்தது சரியே என்று ஒரு வரி சேர்க்கும்படி ஆர்லோவை நாள்கணக்கில் கெஞ்சினோம். அவர் சேர்க்கவில்லை. கத்தி வைத்த மருத்துவர் வேறென்ன சொல்வார் என்பது அவர் கட்சி. தம் மடலை வாசித்து முடித்ததும் அதை உங்கள் கையில் கொடுத்து, கையை இறுகப் பிடித்துக் குலுக்கி, தொப்பியை மாட்டிக்கொண்டு நேரே கதவைப் பார்த்து நடந்துவிடுவார். போகிறபோது என்ன முணுமுணுப்பார் என்பது எங்களுக்குத் தெரியும்.

"இன்னும் ரெண்டே இன்னிங்ஸ். வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்."