தலைச்சாயம் ஊற்றியது சம்பந்தமாக

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி மூன்றும் புகார் மனுவில் கண்டபடி சரி. வயது முப்பத்தைந்து. பெண்கள் அழகு நிலையத்தில் முடி வெட்டுவதும் சாயம் போடுவதும் என் வேலை. புகார்தாரர் என் கணவர். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறார். நான் அவர் மீது ரசாயனம் ஊற்றியதாகச் சொல்லியிருக்கிறார். ஊற்றியது உண்மை. ரசாயனம் என்பது அவருடைய கற்பனை.

சென்ற மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து, பிறப்புறுப்பில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழும்பி, உட்கார முடியாதபடி எரிந்தது. சிறுநீர் கழிக்கப் பயந்து தண்ணீர் குடிக்காமல் கிடந்தேன். அதன் பிறகு என் கணவரிடம் சொன்னேன். அவர் கைபேசியில் தேடிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் தெளிந்ததே தவிர வாடவில்லை. அதன் பிறகு, "யார்கிட்ட வாங்கிட்டு வந்த?" என்று கேட்டார். கடைக்குப் போய்வந்தவளிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

அதன் பிறகு என் மாமியார் என் தட்டு, டம்ளர், சோப்பு, துண்டு எல்லாவற்றையும் பால்கனிக்கு மாற்றினார். நான் கழிப்பறைக்குப் போய்வந்த ஒவ்வொரு தடவையும் பினாயில் ஊற்றினார். அதன் பிறகு என் கணவரின் அக்காள் வீட்டுக்காரர் வரவழைக்கப்பட்டார். அவர் நீதிமன்றத்தில் கோப்பு தூக்கி ஓய்வு பெற்றவர், அதனால் வீட்டில் அவருக்கு ஜட்ஜ் என்று பெயர். சோபாவின் நடுவில் அமர்ந்து, நான் வேலை பார்க்கும் கடைக்கு வரும் ஆண்கள் யார் யார் என்று விசாரித்தார். அது பெண்கள் கடை என்றேன். "அதான் சந்தேகமா இருக்கு" என்றார். என் கணவர் அதற்கும் தலையாட்டினார்.

அதன் பிறகு நான் தனியாகப் போய் ஒரு பெண் டாக்டரைப் பார்த்தேன். அவர் கொப்புளத்திலிருந்து மாதிரி எடுத்து அனுப்பினார். முடிவு வந்ததும், இது ஹெர்பிஸ், அதிலும் பெரும்பாலும் உதட்டில் கொப்புளம் வரவைக்கும் வகை என்றார். அதன் பிறகு, "வீட்டுக்காரருக்கு உதட்டுல அடிக்கடி வருமாம்மா?" என்று கேட்டார்.

வரும். எப்போதும் இடது ஓரத்தில் வரும். உடம்புச் சூடு என்பார். எங்கள் கல்யாணப் படத்தில் அதன் மேல் பவுடர் பூசியிருக்கிறார்கள். அந்த உதடு என் உடம்பில் எங்கெல்லாம் பட்டது என்று அவருக்கே தெரியும்.

டாக்டர் சொன்னது: "அங்கேயிருந்து வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கொப்புளம் இல்லாதப்பகூட ஒட்டும். தட்டு, துண்டுல எல்லாம் ஒட்டாது. ஆனா யாரு யாருக்குத் துரோகம் பண்ணாங்கன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது. யாருமே பண்ணாமலும் இருக்கலாம்." மாத்திரை கொடுத்தார். மறுபடி வரலாம், வந்தாலும் இவ்வளவு கடுமையாக இருக்காது என்றார். வெளியே வந்து மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

அதன் பிறகு வீட்டில் எல்லோர் முன்னாலும் இதைச் சொன்னேன். என் கணவர் கையால் வாயை மூடிக்கொண்டார். ஜட்ஜ், "ஆம்பளைக்குச் சூட்டுல வர்றது வேற, இது வேற. ரெண்டையும் ஒண்ணாப் பேசாத" என்று தீர்ப்புச் சொன்னார். என் கணவருடைய தட்டை யாரும் பால்கனியில் வைக்கவில்லை. அதன் பிறகு நான் துணிமணிகளை எடுத்துக்கொண்டு என் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டேன். மனைவி கெட்டுப்போனாள் என்பதை ஏற்றுக்கொள்ள முடிந்த மனிதருக்குத் தன் உதட்டில் ஒரு புண் உண்டு என்பதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் பகலில் அவர் கடைக்குள் வந்து நின்று, "இவகிட்ட தலையைக் குடுக்காதீங்க, இவளுக்குக் கெட்ட நோய் இருக்கு" என்று கத்தினார். காத்திருந்தவர்கள் எழுந்து போனார்கள். நான் முடி வெட்டிக்கொண்டிருந்த டீச்சரம்மாவும் பாதித் தலையோடு எழுந்து போனார். கடைக்கார அம்மா என் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கோ" என்றார். அது என் பத்து வருட வேலை. அடுத்த தலைக்காகக் கலக்கி வைத்த சாயக் கிண்ணம் மேசையில் இருந்தது. அதை எடுத்து அவர் தலையில் கவிழ்த்தேன். அவர் காதும் நெற்றியும் சிவந்திருப்பது காயம் அல்ல, நிறம். அதே நிறத்துக்குப் பெண்கள் காத்திருந்து காசு கொடுக்கிறார்கள். நல்ல ஷாம்பு போட்டால் நாளடைவில் போகும்.

நேற்று டீச்சரம்மா அக்காள் வீட்டைத் தேடி வந்தார். "பயந்துட்டேன்மா. அப்புறம் யோசிச்சுப் பார்த்தா வெக்கமாப் போச்சு. மிச்சத்தையும் நீயே வெட்டு" என்றார். வெட்டினேன். சாட்சி சொல்லவும் சம்மதித்திருக்கிறார்.

இன்று காலை ஸ்டேஷன் பெஞ்சில் ஜட்ஜ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்த உதட்டு விஷயத்தை மட்டும் சொல்லாத. கேஸை வாபஸ் வாங்க வைக்கிறேன். வீட்டுக்கு வா, எல்லாத்தையும் மறந்துடுறோம்" என்றார். "நீங்க மறக்குற மாதிரி நான் என்ன பண்ணினேன்?" என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார்.

இந்த வாக்குமூலத்தை எழுதியவர் என் கணவரின் உதடு வந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, "இது தேவையாம்மா?" என்றார். "எனக்கு எங்க வந்துச்சுன்னு எழுதினப்ப நீங்க கேக்கலையே சார்" என்றேன். அதன் பிறகு எழுதினார். படித்துக் காட்டக் கேட்டேன். ஒரு சொல்லும் விடுபடவில்லை. யாரும் வற்புறுத்தாமல் நானே சொன்னது, உண்மை. இதன் கீழ் என் கையெழுத்து.