மகன்களின் சார்பாக

இந்த ஏசியைக் கொஞ்சம் குறைத்து வைக்க முடியுமா, கோபாலசாமி சார். குளிர்காற்று நேராக முகத்தில் அடித்தால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நீங்கள் என்னை விசாரிப்பதில் எனக்கு வருத்தமில்லை. பொங்கல் விழாவில் எனக்குப் ‘பல்குரல் வேந்தர்’ பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தியவர் நீங்கள். போட்டோ சரியாக விழவில்லை என்று அதே பொன்னாடையை உருவி மறுபடி போர்த்தியவரும் நீங்கள்தான். கொடுத்தவர் திருப்பிக் கேட்கலாம். நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வார நாட்களில் நான் முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் எஸ்டிமேட் போடுகிற சிவசங்கரன். மேடை கிடைத்தால் மூன்று நடிகர், இரண்டு தலைவர், ஒரு குக்கர் விசில். பொழுதுபோக்காகத்தான் இருந்தது. அதைத் தொழிலாக்கியது என் ஆபீஸ் முரளிதரன்.

“அண்ணே, என்னைய மாதிரி அப்படியே பேசுவீங்கல்ல? எங்கம்மாவுக்கு இன்னிக்கு நீங்களே ஒரு வாய்ஸ் நோட்டுப் போட்டு விட்ருங்க. மேட்ச் ஓடுது.”

“என்னடா பேசறது?”

“ஏதாச்சும். சாப்ட்டேன், டூட்டி டைட்டு, ஒடம்பப் பாத்துக்க. அவ்ளோதாண்ணே அம்மா.”

முரளியின் அம்மா மகிழ்ந்துபோய் எட்டு நிமிட நீளப் பதில் அனுப்பினார். முரளி அதைக் கேட்கவில்லை. நான் கேட்டேன். அங்கேதான் எனக்குச் சந்தை தெரிந்தது.

இந்த வளைகுடா நாட்டிலிருந்து வாட்ஸப்பில் கால் போகாது என்பது ஊரில் எல்லாத் தாய்மார்களுக்கும் தெரியும். வேறு வழிகள் இருப்பது தெரியாது. தெரியப்படுத்தும் அவசரம் மகன்களுக்கும் இல்லை. அவர்களுடைய வாட்ஸப்பை என் கம்ப்யூட்டரில் இணைத்துக்கொண்டேன். பேசுவது, பதிலைக் கேட்பது, இடையில் நலம் விசாரிப்பது எல்லாம் ஒரே கட்டணத்தில் அடக்கம். ‘உறவுக் குரல்’ என்று கார்டுகூட அடித்தேன். உங்கள் தாயார் சுந்தராம்பாள் அம்மாள் தம் மூட்டுவலியைப் பற்றி என்னிடம் மனம் விட்டுப் பேசியிருக்கிறார். விசாரணைக் குறிப்பில் அது வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள்.

என் வாடிக்கையாளர்களில் ஒருவர் சுஐபு, இங்கே வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். கீழக்கரைக்காரர். ஊரில் அவருடைய தாயார் ஆபிதாவும் தங்கை ஹிஃப்ஸாவும் இருந்தார்கள். சுஐபின் குரல் எளிதான குரல், மூக்கில் தொடங்கி அவசரத்தில் முடியும். சலாம் சொல்வது, பிரார்த்திக்கச் சொல்லித் துஆ கேட்பது, ‘உம்மா’வை இழுக்கும் விதம், எல்லாவற்றையும் முறையாகப் பழகிக்கொண்டேன். பேசுவது திருச்சிக்காரனான நான் என்று ஜமாத்தே வந்து உட்கார்ந்தாலும் கண்டுபிடிக்காது.

மூன்றாவது வாரம் ஆபிதாம்மாவிடமிருந்து பதில் வந்தது.

“நீ யாரு வாப்பா?”

தொடர்ந்து பேசினார்.

“கொரல் எம் புள்ள கொரல்தான். ஆனா எம் புள்ள ரெண்டு வார்த்தைக்கு மேல எங்கிட்டப் பேசுனதில்ல. சாப்ட்டியளா, கால்வலி எப்படி இருக்குன்னு ஒருநாளும் கேட்டதில்ல. நீ ரொம்ப நல்லாப் பேசுற. நீ அவனில்ல. எம் புள்ளைய என்ன செஞ்சிய?”

சார், நீங்கள் மேடையில் நின்று பாராட்டு வாங்கியவர். உங்களுக்குப் புரியும். இத்தனை வருடத்தில் என்னை யாரும் ‘நீ அவனில்லை’ என்று சொன்னதில்லை. படிப்பில்லாத, பல்லில்லாத ஒரு கிழவி சொன்னார். நான் அடுத்த பதிவில் சுருக்கமாக, எரிச்சலாகப் பேசியிருக்கலாம். அவரும் நம்பியிருப்பார். ஆனால் அது தோல்வியை ஒப்புக்கொள்வது. மேலும், எரிச்சலாகப் பேசுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. நான் அடிப்படையில் மென்மையானவன்.

எனவே சுஐபின் குரலில் ஹிஃப்ஸாவுக்கு ஒரு பதிவு அனுப்பினேன். “ஹிஃப்ஸா, உம்மாவுக்கு ஞாபகம் தப்புதுமா. என்னையவே யாருன்னு கேக்குறாங்க. பெரிய டாக்டர்ட்ட காட்டு. செலவப் பாக்காத.” அனுப்பிவிட்டு, சுஐபின் போனிலிருந்து மறையும்படி அழித்தேன்.

ஹிஃப்ஸா நல்ல பெண். அண்ணன் இவ்வளவு அக்கறையாகப் பேசியதே அவரை உலுக்கிவிட்டது. டாக்டரிடம் ஆபிதாம்மா, “எம் மகன் கொரல்ல வேற ஒரு ஆளு பேசுறான்” என்று சொல்லியிருக்கிறார். அதற்குமேல் பரிசோதனை தேவைப்படவில்லை. மாத்திரை கொடுத்தார்கள். ஓதிய தண்ணீரும் கொடுத்தார்கள். பதற்றம் கூடுகிறதென்று போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்கும் நான்தான் சுஐபாகச் சம்மதம் சொன்னேன்.

அவரை அறைக்குள் வைத்துக் கதவைத் தாழ் போடத் தொடங்கிய பிறகுதான் ஹிஃப்ஸா கடை நம்பருக்கே பேசி அழுதார். சுஐபுக்கு ஒன்றும் புரியவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு ஊருக்குப் பறந்தார். தாயின் கட்டிலருகே உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, “உம்மா, சாப்ட்டியளா” என்று கேட்டாராம். ஆபிதாம்மா சுவரோடு ஒண்டிக்கொண்டு, “இவன்தான். அந்த ஆளு வீட்டுக்குள்ளயே வந்துட்டான்” என்று கத்தியிருக்கிறார்.

மறுநாள் சுஐபு எனக்குப் போன் செய்தார்.

“அண்ணே, நீங்க பண்ணுனது எல்லாம் ஹிஃப்ஸா போன்ல கேட்டுட்டேன். உங்கள நான் ஒண்ணும் செய்யமாட்டேன். அல்லாவுக்காக ஒண்ணே ஒண்ணு. உங்க சொந்தக் கொரல்ல எங்க உம்மாகிட்ட உண்மையச் சொல்லிருங்க. நாந்தான் பேசுனேன், பக்கத்துல இருக்குறது உங்க மகன்தான்னு. அவங்க ஒண்ணும் குடிக்கக்கூட மாட்டேங்கிறாங்க.”

“கவலப்படாதீங்க பாய். அனுப்பறேன்” என்றேன்.

நேர்மையாகத்தான் உட்கார்ந்தேன். என் குரலில் பேசிப் பதிவு செய்து, போட்டுக் கேட்டேன். தட்டையாக இருந்தது. ஏற்ற இறக்கமில்லை, உயிரில்லை. எஸ்டிமேட் படிப்பதுபோல் இருந்தது. இப்படியொரு குரலை யார் நம்புவார்கள்? அழித்துவிட்டேன்.

பிறகு சுஐபின் குரலில், அவர் எப்போதும் பேசுகிறபடி, எரிச்சலாக, இரண்டே வாக்கியம் பேசி ஹிஃப்ஸாவின் போனுக்கு அனுப்பினேன். “உம்மா, நான் ஊருக்கே வரல, கடையில ஆளு நிக்கிது. பக்கத்துல இருக்கவன் கொடுக்குறது எதையும் வாங்கிக் குடிக்காதிய.”

என்னுடைய ஒப்புதல் வாக்குமூலம் என்று நினைத்து ஹிஃப்ஸா போனை அப்படியே தாயின் காதில் வைத்திருக்கிறார். கேட்டதும் ஆபிதாம்மாவின் முகம் மலர்ந்ததாம். “இதுதான் எம் புள்ள” என்று போனுக்கு முத்தம் கொடுத்திருக்கிறார். சுஐபு தம்ளரை அவர் வாயருகே கொண்டுபோக, தட்டிவிட்டாராம். அதற்குப் பிறகு அவர் யார் கையாலும் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் அடக்கம் செய்தார்கள்.

பட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள் சார், பரவாயில்லை. ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் அந்த அம்மாவிடம் மகன் பேசினான். அந்தக் குறையோடு அவர் போகவில்லை.