எழுதாமல் விட்ட வரி

1998 பிப்ரவரி ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில், வீட்டைச் சூடாக்கும் காஸ் பாய்லர் அணைந்து கிடந்தது. பழைய பாய்லர்களில் இது சாதாரணம். அதன் முகப்பில் மூன்று சிறு விளக்குகள் உண்டு. பச்சை எரிந்தால் மின்சாரம் வருகிறது. ஆரஞ்சு எரிந்தால் உள்ளே நெருப்பு எரிகிறது. சிவப்பு எரிந்தால் பாய்லர் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது என்று பொருள். அன்று எரிந்தது சிவப்பு.

என் பெயர் மியூரியல் சக்டன். வயது எழுபத்தொன்று. முப்பத்தாறு ஆண்டுகள் இலக்கணம் கற்பித்தேன். இந்த வீடு என் தந்தையுடையது; அப்போது என் பெயரிலும் என் தம்பி கிளிஃபர்டின் பெயரிலும் இருந்தது. ஒருவர் இறந்தால் முழுவதும் மற்றவருக்கு என்று பத்திரம் சொல்கிறது. மனைவியைப் பிரிந்து ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்தவன், ஜனவரிக் குளிர் தாங்காமல், வீட்டை விற்றுவிட்டு ஸ்பெயினில் குடியேறலாம் என்று சொல்லத் தொடங்கியிருந்தான். நான் இசையவில்லை. நீதிமன்றம் விற்க வைக்கும் என்று அவனுடைய வழக்கறிஞர் சொல்லிவிட்டார். பதினெட்டாம் தேதி விற்பனைக்காக அறைகளை அளக்க ஆள் வருவதாக இருந்தது.

பாய்லரைப் பார்க்க வந்தவர் ரஸ்ஸல் மிட்ஜ்லி. என்னிடம் படித்தவர், கவனமானவர். மூடியைக் கழற்றியதும் உட்புறத்தில் பழுப்புக் கறையைக் காட்டினார். நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எரிந்ததன் அடையாளம் அது. பிறகு சுவரில் இருந்த காற்றுத் துவாரத்திலிருந்து சுருட்டிய செய்தித்தாளை இழுத்து எடுத்தார்.

“யாரு மிஸ் இதை அடைச்சது?”

தம்பி என்றேன். எங்கள் ஊரில் குளிர்காற்று நுழையும் ஓட்டை எதையும் யாரும் திறந்து விட்டுவைப்பதில்லை. கிளிஃபர்ட் தன் நாற்காலியையும் பாய்லருக்கு அருகிலேயே போட்டிருந்தான்.

“பாதிப் பேர் வீட்டுல இதே கதைதான். குளிருதுன்னு அடைச்சுட்டு, விஷக் காத்தோட உட்கார்ந்திருக்காங்க. இதுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது.”

அவர் சுத்தம் செய்தார், சுடர் நீலமானது. உள்விசிறி தேய்ந்திருப்பதாகவும், புதியது வர இரண்டு வாரம் ஆகும் என்றும் சொன்னார். துவாரம் திறந்திருக்கும் வரை பயமில்லை என்றும், சிவப்பு ஒருமுறை எரிந்தால் பாய்லரை மீண்டும் இயக்கும் பொத்தானை அமுக்கலாம் என்றும் சொன்னார்.

“மறுபடி எரிஞ்சா கை வைக்காதீங்க மிஸ். காஸை மூடிட்டு, ஜன்னலைத் திறந்துட்டு எனக்குப் போன் பண்ணுங்க. உங்க தம்பிகிட்டயும் சொல்லிடுங்க.”

கிளிஃபர்ட் அப்போது தான் வளர்க்கும் புறாக்களைப் பார்க்கப் போயிருந்தான். ஆகவே அவனுக்காக ஓர் அட்டை எழுதினேன். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் என் அட்டை உண்டு: துணி இயந்திரத்துக்கு, குப்பை வெளியே வைக்கும் நாளுக்கு, தேநீர் எத்தனை நிமிடம் ஊற வேண்டும் என்பதற்கு. அவன் கேலி செய்வான். ஆனால் அவற்றின்படியே நடப்பான். பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று விளக்குகளுக்கும் பொருள் எழுதினேன். ‘சிவப்பு எரிந்தால் பொத்தானை ஐந்து விநாடி அமுக்கவும்’ என்று முடித்தேன். மறுபடி எரிந்தால் என்ன செய்வது என்பதற்கு அட்டையில் இடம் இருந்தது.

புதன்கிழமை துவாரத்தில் மீண்டும் செய்தித்தாள் இருந்தது. அது அவன் வைத்தது. நான் அதைத் தொடவில்லை. மறுநாள் ஸ்கார்பரோவுக்குப் போனேன். கடற்கரை விடுதியில் நான்கு நாள் தங்க ஏற்பாடு செய்திருந்தேன்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வீட்டுக்குப் போன் செய்தேன். அவன் குரல் குழறியது.

“உன் பாய்லருக்கும் என்னைப் பிடிக்கல, டீச்சரம்மா. இன்னைக்கு மட்டும் ஆறு தடவை சிவப்பு. தலை வேற விண்ணுனு வலிக்குது. ரஸ்ஸலைக் கூப்பிடட்டுமா?”

“அட்டையில என்ன போட்டிருக்கு?”

“அமுக்கச் சொல்லியிருக்கு.”

“அப்ப அமுக்கு. சனிக்கிழமையில அவரைத் தொந்தரவு பண்ணாதே.”

“சரி, மிஸ் சக்டன்,” என்று வகுப்பறைப் பிள்ளையைப் போலச் சொல்லிச் சிரித்தான். நான் கீழே சென்று மீன் சாப்பிட்டேன். நன்றாகப் பொரித்திருந்தார்கள்.

ஞாயிறு பிற்பகல் நான் திரும்பியபோது அவன் நாற்காலியில் இருந்தான். முதலில் ஜன்னல்களைத் திறந்தேன். பிறகு அட்டையை எடுத்துக் கைப்பையில் வைத்தேன். அதன் பிறகே ஆம்புலன்ஸை அழைத்தேன்.

விசாரணையில் விபத்து என்று பதிவானது. எச்சரிக்கையைத் தம்பியிடம் சொன்னீர்களா என்று கேட்டார்கள், சொன்னேன் என்றேன். தெளிவாகச் சாட்சி சொன்னதற்கு நன்றி கூறினார்கள். சென்ற வாரச் செய்தித்தாளில், பழுதான பாய்லரை ஓடவிட்டுச் சென்ற ரஸ்ஸல் மிட்ஜ்லியின் அலட்சியமே காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். அவர் தொழிலை விட்டுவிட்டாராம்; வீட்டைவிட்டு வெளியே வருவதில்லையாம். அச்செய்தி பிழையானது. பிழையை அப்படியே விடுவது என் வழக்கமன்று.

அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் கிளிஃபர்ட் உயிரோடு இருந்திருப்பான். எழுதாமல் விட்டபோதே எனக்கு அது தெரியும். போனில் அவன் ஆறு என்று சொன்னபோதும் தெரியும்.

ஆகவே இதை இரண்டு படிகள் எடுத்து, ஒன்றைக் காவல் நிலையத்துக்கும் ஒன்றை ரஸ்ஸலுக்கும் செவ்வாய்க்கிழமை அனுப்புவதென்று முடிவு செய்திருக்கிறேன். என்னை அழைத்துச் செல்ல வருபவர்கள் வாசலில் காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே வர வேண்டும்; வீடு இப்போதுதான் ஓர் ஒழுங்குக்கு வந்திருக்கிறது.