பனிச்சுவருக்கு இந்தப் பக்கம்

இல்ல, தொறக்க மாட்டேன். நீ எத்தன தடவ அப்பான்னு கூப்பிட்டாலும் இந்தப் பனி விலகாது. அழாத. அழுககூட அச்சு அசலா என் மக அழற மாதிரியேதான் இருக்கு, அதான் பயமா இருக்கு.

உக்காரு. காலையிலேர்ந்து நின்னுகிட்டே இருக்க. உனக்குக் காலு வலிக்குமான்னு தெரியல, சும்மா சொல்றேன்.

எங்க எல்ஃப் ஜனம், இந்தக் காட்டு ஜனம், எப்படித் தப்பிச்சுப் பொழைக்குதுன்னு வெளிய ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாங்களாம். வில்லு, மந்திரக் கத்தி, வெள்ளக் குதிரைன்னு. பேச்சுக்கு நல்லாத்தான் இருக்கு. எங்க வில்லுக்காரங்கள்ல பாதிப் பேரு போன சண்டையோட போயிட்டாங்க. மிச்சம் இருக்கறது இந்த மூடுபனிச் சுவர்தான். எங்க ராணி தன் மூச்சக் குடுத்து எழுப்பினது. நான் அதோட வேருக்குத் தண்ணி ஊத்திக் காவ காக்கறேன், அவ்வளவுதான் என் வேல. தேடி வர்றவன் காட்டுக்கு முன்னாடியே நின்னுகிட்டு, காடு எங்கடான்னு முழிப்பான்.

இருட்டுப் படை நுழையணும்னா ஒரே வழி, உள்ள இருக்கறவனே தொறந்து விடணும். அதுக்குத்தான் அது குரல அனுப்புது. செத்த பொண்டாட்டி குரலு, காணாமப் போன புள்ள குரலு. மேக்குக் காட்டுல ஒரு காவக்காரன் தம்பி கூப்பிடறான்னு தொறந்தான். இப்ப மேக்குக் காடே இல்ல.

அதனாலதான் காதுல மெழுகு வச்சுக்கணும்னு எங்களுக்கு உத்தரவு. நான் எடுத்துட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாத. ம்... நீ யார்கிட்ட போய்ச் சொல்லப் போற.

கொஞ்சமா தொறக்கறதா? இதென்ன ஜன்னலா? ஒரு எடத்துல பிளந்தா மொத்தமா விழுந்துரும். திரும்ப எழும்ப ஒரு நாள் பூரா ஆகும். உள்ள எத்தன தொட்டில் ஆடுது தெரியுமா.

என் மக மருத்துவச்சி. மனுசங்க ஊர்ல ஒருத்திக்குத் தலைப்பிரசவம், ரெண்டு நாளா கஷ்டப்படறாளாம், கிளம்பிட்டா. இந்த நேரத்துல போகாதன்னேன். மனுசப் பொம்பளைக்கு மட்டும் வலிக்காதாப்பான்னு கேட்டா. அவ திரும்பறதுக்குள்ள படை ஆத்தத் தாண்டிருச்சு. ராணி சுவர எழுப்பிட்டாங்க, அவ வெளியவே மாட்டிக்கிட்டா.

அந்தப் பொய்க் குரலுக்கு ஒரு கொற உண்டு. கேக்கறவன் நெனப்புல இருக்கறதத் திருடித்தான் பேசும். அவனுக்குத் தெரியாதது அதுக்கும் தெரியாது. காலையில நீ சொன்னியே, தேன் ஜாடிய ஒடச்சது பூனை இல்லப்பா, நான்தான்னு. அத நான் இன்னிக்குத்தான் கேள்விப்படறேன். அந்தப் பூனையப் பாவம், எத்தன நாளு வீட்டுக்குள்ளயே விடல. மத்தியானம் சாப்பாடு கொண்டாந்த உங்கம்மாகிட்ட மெதுவாக் கேட்டேன். நீதான் ஒடச்சேன்னு அவளுக்கு அப்பவே தெரியுமாம். சிரிக்க வந்து அழுதுட்டா. எதுக்கு இப்பக் கேக்கறீங்கன்னா. சும்மா, பூனை ஞாபகம் வந்துச்சுன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

உன் புள்ள தூங்கறான்மா. கீழ்ப் பல்லு ஒண்ணு மொளச்சிருக்கு.

சத்தம் போடாத. உனக்குப் பின்னால சருகு நெரியுது, எனக்கே கேக்குது. ஆத்துல எறங்கித் தண்ணியோடயே நட, உன் வாசம் அத்துப்போகும். போ.

இன்னொரு தடவ மட்டும் அப்பான்னு கூப்பிட்டுறாத கண்ணு. கூப்பிட்டா தொறந்துடுவேன்.