பதினோரு கைப்பட்டைகளை எடுத்துச் சென்றது குறித்து

என் பெயரையும் வீட்டு முகவரியையும் முதல் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வயது இருபத்தொன்பது. பல் ஆய்வகம் ஒன்றில் செயற்கைப் பற்களுக்கு அச்சு வார்க்கும் வேலை. பெற்றோர் இல்லை. என்னோடு இருப்பது தம்பி மட்டும். அவனுக்கு வயது இருபத்து நான்கு. பிறவியிலேயே அறிவு வளர்ச்சிக் குறைவும் இரு கால்களில் இறுக்கமும் உண்டு.

தம்பி போகும் பயிற்சி மையத்தின் மேற்பார்வையாளர் கொடுத்த புகாரை இந்தக் காவல் நிலையத்தில் படித்துக் காட்டினார்கள். பதினோரு கைப்பட்டைகளைத் திருடினேன், துப்புரவுப் பணியாளரின் கையைக் கீறினேன், மேற்பார்வையாளரைத் தள்ளினேன் என்று அதில் இருக்கிறது. பட்டைகளை எடுத்தது உண்மை. திருடவில்லை. மற்ற இரண்டும் பொய்.

பத்து மாதங்களுக்கு முன் தம்பியை அந்த மையத்தில் சேர்த்தேன். இவனைப் போன்றவர்கள் விளையாடுவதற்கென்று மாற்றி அமைத்த வீடியோ விளையாட்டுகள் அங்கே உண்டு. விரலால் அழுத்த முடியாதவர்களுக்குத் தட்டு அளவில் பொத்தான்கள். தம்பி முழங்கையால் அழுத்திக் கார் ஓட்டுவான். ஒரு மாதத்தில் அங்கே எல்லாரையும் தோற்கடித்தான், அதன் பிறகு அவனுக்கு டிரைவர் என்றே பெயர். விளையாட்டின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும்.

சேர்க்கும்போது உடல்நலமும் இதில் அடக்கம் என்றார்கள். இருபது நிமிடம் விளையாட்டு, பத்து நிமிடம் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள எழுந்து நடப்பது. அடிகளை எண்ணக் கையில் ஒரு பட்டை. அந்த எண்ணிக்கை என் போனுக்கும் எலும்பு மருத்துவருக்கும் வரும். அப்போது தம்பி என் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து குளியலறை வரை நடப்பான். முப்பது அடி இருக்கும். உட்கார்ந்தே இருந்தால் முழங்காலின் பின்புறத் தசைநார் சுருங்கிவிடும், ஓர் அளவுக்கு மேல் சுருங்கினால் கத்திதான் வைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

முதல் மாதம் நாளுக்கு நானூறு அடி வந்தது. அதன் பிறகு அறுநூறு. அதன் பிறகு ஆயிரம். ஆய்வகத்தில் எல்லாருக்கும் காட்டினேன். ஆறாவது மாதம் மருத்துவர், வீட்டுக்கு வாரம் இரு முறை வந்துகொண்டிருந்த இயன்முறைப் பயிற்சியாளரை நிறுத்திவிட்டார். “இவ்வளவு நடக்கிறவனுக்கு வீட்டுக்கு எதுக்கும்மா ஆளு? காத்துக்கிட்டு இருக்கறவங்க எவ்வளவோ பேர்” என்றார். நானும் சரி என்றேன்.

அடுத்து வருவதை யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன். ஏழாவது மாதம் ஒரு மாலை, குளியலறையில் தம்பி எழுந்து நிற்க மறுத்தான். பட்டை அவன் கையில் இருந்தது. ஆயிரத்து ஐந்நூறு என்று காட்டியது.

“அங்க அவ்வளவு நடக்குற. இங்க நாலடி எடுத்து வைக்க உனக்கு வலிக்குதா?”

“நான் உக்காந்தேன் அக்கா.”

பல நாட்களாக அவன் இதையே சொல்லிக்கொண்டிருந்தான். நடிக்கிறான் என்று நினைத்தேன். தானாக நிற்கட்டும் என்று கையை விட்டேன். தாடை தொட்டியின் விளிம்பில் பட்டது. இரண்டு தையல். வழுக்கி விழுந்தான் என்று மருத்துவமனையில் சொன்னேன். அது பொய்.

கடந்த வியாழக்கிழமை ஆய்வகத்தில் உலை பழுதானதால் பிற்பகல் மூன்று மணிக்கே மையத்துக்குப் போனேன். வாசல் மணியை அடித்தும் யாரும் வராததால் பின்பக்க நடைவழியாக உள்ளே போனேன். அங்கே துப்புரவுப் பணியாளர் சுவரோரமாக வேகமாக நடந்துகொண்டிருந்தார். இரு கைகளிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வளையல் அடுக்கியதுபோல் கைப்பட்டைகள். இடக்கையில் ஆறு, வலக்கையில் ஐந்து. கைகளை வீசி வீசி நடந்தார். என்னைப் பார்த்து அவர் கூச்சப்படவில்லை.

“கொஞ்சம் இரு கண்ணு, இன்னும் நாலு சுத்து பாக்கி. பாதியில நின்னா சாருக்குக் கணக்கு தப்பிடும்” என்றார்.

நான்கு சுற்றும் முடியும் வரை நின்றேன். அதன் பிறகு அவரே எல்லாம் சொன்னார். காலையில் பிள்ளைகள் வந்ததும் பட்டைகளைக் கழற்றி அவரிடம் தருவார்களாம், மாலையில் திரும்பக் கட்டி அனுப்புவார்களாம். மாதம் பிறந்தால் மேற்பார்வையாளர் ஒரு சீட்டில் எத்தனை சுற்று என்று எழுதித் தருவாராம். மாதா மாதம் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவாராம். பட்டைகளுக்கு ஏதோ சோதனை நடக்கிறது என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். “எனக்கு இடுப்பு வலியே போயிடுச்சு போ” என்று சிரித்தார். அதன் பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

பட்டைகளை நான் பிடுங்கவில்லை. அவர் ஒவ்வொன்றாகக் கழற்றி என் பையில் போட்டார். கடைசிப் பட்டையின் கொக்கி அவர் தோலில் பட்டுக் கீறியது. நான்தான் என் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

அதன் பிறகு கூடத்துக்குள் போனேன். பதினோரு பேரும் இடுப்பில் பெல்ட்டோடு திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். தம்பி முதலிடத்தில் ஓட்டிக்கொண்டிருந்தான். மேற்பார்வையாளரிடம் இவர்கள் கடைசியாக எப்போது எழுந்தார்கள் என்று கேட்டேன். ஒருவரை எழுப்ப இரண்டு பேர் வேண்டும், ஆள் இல்லை, எல்லாரும் சந்தோஷமாகத்தானே இருக்கிறார்கள் என்றார். நாள் முழுக்கப் பின்பக்க நடைவழியில் ஒருவர் நடக்கிறாரே, அவரோடு என் தம்பியை நடக்க விட்டிருக்கலாமே என்றேன்.

“அவங்க கூட்டிப் பெருக்கற ஆளும்மா. இவங்களத் தொட்டுத் தூக்க அவங்களுக்கு ட்ரெய்னிங் இல்ல” என்றார்.

பதினோரு பேருக்காக நடக்க அந்தப் பணியாளருக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. ஒருவனின் கையைப் பிடிக்கத் தேவைப்பட்டிருக்கிறது. இதை மேற்பார்வையாளரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

அவரைத் தள்ளவில்லை. தம்பியின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனேன், அவர் நடுவில் நின்றார். சக்கரம் அவருடைய ஷூவின் மேல் ஏறியது உண்மை. நகரச் சொல்லி இரண்டு முறை கேட்டிருந்தேன்.

பட்டைகளை ஏன் அன்றே திருப்பித் தரவில்லை என்று கேட்கிறீர்கள். தந்திருந்தால் வெள்ளிக்கிழமையும் என் தம்பி இரண்டாயிரம் அடி நடந்திருப்பான். அவற்றை இந்த நிலையத்தில் ஒப்படைக்கிறேன். முத்திரை வைத்து நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும், மையத்துக்கு அல்ல. மற்ற பத்து பேரின் வீட்டாருக்கும் சொல்ல வேண்டும். அவர்களும் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருக்கலாம்.

நேற்றுக் காலை தம்பியை மருத்துவரிடம் காட்டினேன். இரண்டு முழங்கால்களும் நீட்ட வரவில்லை. கால்களுக்கு மாவுக்கட்டுப் போட்டுப் படிப்படியாக நீட்டிப் பார்ப்பார்களாம், மூன்று மாதத்தில் பலன் இல்லையென்றால் அறுவை சிகிச்சை. கடைசியாக எப்போது நடந்தான் என்று மருத்துவர் கேட்டார். கணக்கு எல்லாம் உங்களிடம்தானே இருக்கிறது என்றேன். அவர் தம்பியை எழுப்பி நிறுத்தச் சொன்னார்.

அதன் பிறகு ஒரு பக்கம் நானும் மறுபக்கம் செவிலியரும் பிடித்துக்கொள்ள, பரிசோதனை மேசையிலிருந்து சுவரை நோக்கித் தம்பி நடந்தான். மூன்று அடி. நான்காவதற்குக் காலைத் தூக்கினான், ஊன்ற முடியவில்லை. பத்து மாதத்தில் கண்ணால் பார்த்து எண்ணிய கணக்கு இது ஒன்றுதான் என்பதால் இங்கே பதியச் சொல்கிறேன். எழுதும் காவலர் முதலில் நான்கு என்று எழுதினார். மூன்று என்று திருத்தச் சொன்னேன். திருத்தத்தின் ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ சொல்லிக் கொடுத்தோ சொல்லவில்லை.

(ஒப்பம்)