மழைக்கு விழித்திருந்த மெம்பர் அந்தனி லியோன் அவர்களுக்கு

இறப்பர் மரத்து நிழலில் பிறந்து இரத்தினபுரிச் சபையிலே எழுந்த இன்குரலே! ஏழையர் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்து ஏறிய எளிமையே! இரு மொழிக்கும் நாவினை ஈந்து, எம் மொழிக்கு நெஞ்சினை ஈந்த நேர்மையே! தும்பகொல்லைத் தோட்டம் பெற்றெடுத்த துணிவே! சப்ரகமுவ மாகாண சபையின் முன்னாள் உறுப்பினர், உயர்திரு சூசை அந்தனி லியோன் அவர்களே! தங்கள் அலுவலகப் பணியாளர்களும் தோட்டக் கமிட்டியினரும் ஒன்றுகூடி, எழுந்து நின்று, தங்களுக்கு வணக்கம் கூறுகின்றோம்.

பெருந்தகையீர்!

உத்தியோகத்தில் உள்ளோர்க்கெல்லாம் ஓய்வுக்கென்று ஒரு திகதி உண்டு. தங்களுக்கு அது இருக்கவில்லை. 2017 ஆம் ஆண்டு சபையின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் இன்று வரும், நாளை வரும் என்று காத்திருந்தோம், வரவில்லை. ஆகவே தாங்கள் தோற்கவுமில்லை, வெல்லவுமில்லை. சபைக் கதவு சாத்திய பின்னரும் கித்துல்கல சந்தியில், ஜஸீல் நானாவின் ஹாட்வெயார் கடை மாடியில், தங்கள் மக்கள் சந்திப்பு அறையின் கதவு செவ்வாய் தோறும் திறந்தது. அதைப் பார்த்துவிட்டு ஜஸீல் நானா, "மெச் இல்லாத நாளும் கிரவுண்டுக்கு வார ஒரே ஆள் நம்மட மெம்பர்தான்" என்று கீழிருந்து சொல்வார். சொல்லிவிட்டு, மாடிக்குப் பிளேன்டீ அனுப்புவார்.

இறப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளியின் மைந்தராய்ப் பிறந்து, தோட்டத் தலைவராய்த் தொண்டு தொடங்கி, பிரதேச சபையில் பயின்று, மாகாண சபைக்கு மும்முறை மக்களால் அனுப்பப்பட்டவர் தாங்கள். சபையில் தமிழ் அறிந்தோர் சிலரே. எனினும் முதலில் தமிழில் பேசி, பின்பு அதையே சிங்களத்தில் தாங்களே பெயர்த்துச் சொல்வதைக் கடைசி அமர்வு வரை கைவிட்டீர்களில்லை. அதனால் மற்றவர்க்குக் கிடைத்த நேரத்தில் பாதியே தங்களுக்கு மிஞ்சியது. பாதி நேரத்தில் பேசிப் பழகியதாலோ என்னவோ, தேவையற்ற ஒரு சொல்லும் தங்கள் உரையில் நாங்கள் கேட்டதில்லை. பாடசாலைக்குத் தண்ணீர், வேலைக்குப் போவோர் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைமடுவத்துக்குக் கூரை, மேற்பிரிவுக்குப் பாதை என்று தாங்கள் பெற்றுத் தந்தவற்றை வரிசையாக எழுதி வைத்திருந்தோம். ஆனால் இம்மடலுக்குத் தாங்கள் இட்ட நிபந்தனை ஒன்றுண்டு. "கல்லப் பத்தி எழுதாம என்னைப் பத்தி எதுவும் வாசிக்காதீங்க" என்றீர்கள். பாராட்டும் மடலில் பட்ட அவமானத்தை எழுதுவது வழக்கமன்று. எனினும் தங்கள் சொல்லை மீறுவதும் எங்கள் வழக்கமன்று.

அறிந்தோர்க்கும் அறியாதோர்க்கும் சொல்கின்றோம். தும்பகொல்லை மேற்பிரிவில் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்சரிவு அபாயமுள்ள சரிவிலே நின்றன. கனத்த மழை வந்தால் பாய், போர்வை, பிள்ளை குட்டியுடன் பாடசாலைக் கட்டடத்துக்கு ஓட வேண்டும். மழை விட்டால் திரும்ப ஏற வேண்டும். அவர்களுக்கு வேறிடத்தில் வீடு கட்டுவதென்று, சபையின் இறுதி ஆண்டில், கோயிலடிக்குப் பக்கத்து மேட்டிலே தாங்கள் அடிக்கல் நாட்டினீர்கள். நல்ல காரியம் எதையும் அந்தோனியார் திருநாளிலே தொடங்குவது அத்தோட்டத்தின் வழக்கம். அவ்வருடமும் திருநாள் வந்துவிட்டது; தோட்டக் கம்பனி காணியை விடுவிக்கும் கடிதம் மட்டும் வரவில்லை. "கடிதம் வரட்டுமே சேர்" என்றார் நம் அலுவலக அனிற்றா மிஸ். திருநாளைத் தவறவிட்டால் இன்னொரு வருடம் ஆகும் என்றது தோட்டம். தாங்கள் தோட்டத்தின் பேச்சைக் கேட்டீர்கள். சாமியார் மந்திரித்தார், பேண்ட் வாத்தியம் முழங்கியது, தங்கள் பெயர் பொறித்த கல் நடப்பட்டது.

கடிதம் வரவில்லை. சபை கலைந்தது. புல் முளைத்தது. வேலை முடிந்து திரும்புவோர் அக்கல்லில் கூடையை இறக்கி வைத்து இளைப்பாறினர், ஆடும் கட்டினர். "மெம்பரோட கல்லறை" என்று அதற்குப் பெயரும் வைத்தனர். அதைப் பிடுங்கி விடுவோமா என்று கமிட்டியினர் கேட்டபோது, இருக்கட்டும் என்றீர்கள்.

பிறகு நடந்ததே பெரிது. சில வருடங்கள் கழித்து, அந்த மேட்டையே தருவதற்குக் கம்பனி இணங்கியது. தேர்தல் வரப்போவதாகவும் அப்போது ஒரு பேச்சு இருந்தது. மேற்பிரிவில் பட்டாசு வெடித்தார்கள். தாங்களோ, மண்ணைச் சோதிக்கும் பொறியியலாளரை முதலில் வரவழைத்தீர்கள். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த மேட்டுக்கும் முழு உத்தரவாதம் தர முடியாது, ஒன்றும் ஆகாமலும் போகலாம் என்றார். அந்தப் 'போகலாம்' என்ற சொல்லை வைத்து வீடு கட்டியிருந்தால் தங்களைக் குறை சொல்ல ஒருவரும் இருந்திரார். தாங்கள் கட்டவில்லை. தங்கள் பெயர் பொறித்த கல் நின்ற நிலத்தைத் தாங்களே வேண்டாமென்று சொன்னீர்கள். பாதையோரத்துக் கீழ்ப்பிரிவுச் சமநிலத்தைக் கேட்டீர்கள்.

அன்று, காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்தில் கூடிய கூட்டத்தை நாங்கள் மறக்கவில்லை. கெடச்சதையும் வேணாங்கிறாரே என்றார்கள். வாக்குக் கேட்டு இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றார்கள். தங்கள் சொந்தத் தம்பியே எழுந்து போனார். எல்லோரும் பேசி ஓய்ந்த பின், பாதி இடிந்த கடைசி லயத்தில் இருந்த தெரேசம்மா அம்மையார் முன்னால் வந்து, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார்:

"சரிங்க தலைவரே. நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும். ஆனா, நாங்க வீட்டுக்குப் போறவரைக்கும் நீங்க வீட்டுக்குப் போகக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம் அக்கா" என்றீர்கள். தங்கள் பதவிக்காலம் அன்றுதான் ஆரம்பமானது என்று நாங்கள் கொள்கின்றோம்.

அதற்குப் பின் தாங்கள் ஏறிய படிகளை எண்ண எங்களால் ஆகாது. உறுப்பினராயிருந்தபோது உள்ளே அழைத்துத் தேநீர் தந்த மாவட்டச் செயலகத்தில், கச்சேரி என்று நாம் சொல்லும் அந்த இடத்தில், பொதுசனத்தோடு பொதுசனமாக வாங்கில் அமர்ந்தீர்கள். புதிதாய் வந்த இளம் அதிகாரி ஒருவர், உறுப்பினர் ஐயா எனும் பொருளில் மந்த்ரீதுமா என்று தங்களைச் சிலர் அழைப்பதைக் கேட்டு, இப்போது எந்தச் சபையில் இருக்கிறீர்கள் என்று சிங்களத்தில் விசாரித்தார். ஒரு சபையிலும் இல்லை, நான் நட்ட கல்லொன்று மட்டும் இன்னும் மலையில் இருக்கிறது என்று தாங்களும் சிங்களத்திலேயே பதிலளித்தீர்கள். அவர் சிரித்தார். பிறகு காணிக் கோப்பினை எடுத்துவரச் செய்தார். அதன் பின்னர் பல அதிகாரிகள் மாறினர். ஒவ்வொருவருக்கும் கல்லின் கதையை முதலிலிருந்து சொன்னீர்கள்.

மழை பெய்த இரவுகளிலெல்லாம் தங்கள் கைத்தொலைபேசி விழித்திருந்தது. "அக்கா, ஸ்கூலுக்குப் போயிட்டீங்களா?" என்று கேட்பீர்கள். "இல்லீங்க, நீங்க குடுத்த புது வீட்டுலதான் கால நீட்டிப் படுத்திருக்கேன்" என்பார் தெரேசம்மா அம்மையார், பாடசாலை வாங்கில் சாய்ந்தபடியே. அந்தக் குத்தல் கேட்டால்தான் தங்களுக்கு மூச்சு வருமென்று தங்கள் துணைவியார் எங்களிடம் கூறியிருக்கிறார். குத்தல் கேட்டால் அக்கா பத்திரமாயிருக்கிறார் என்று பொருள்.

சான்றோரே! தாங்கள் வேண்டாமென்ற அந்த மேடு இன்றுவரை சரியவில்லை. சரிந்திருந்தால் தங்களைத் தீர்க்கதரிசி என்று இம்மடல் பாடியிருக்கும். சரியாததால், வீணாய் வருடங்களைக் கடத்தினார் என்று இன்றும் சொல்வோர் உண்டு. அதைக் கேட்டு ஒருமுறையேனும் முகம் சுளித்தீர்களா? "சரியாம இருக்கட்டும், அதுதான நல்லது" என்றீர்கள். இம்மடலில் நாங்கள் அடுக்கிய அடைமொழிகள் அத்தனையையும் ஒரு தட்டிலும் அந்த ஒரு சொல்லை மறுதட்டிலும் வைத்தால், எத்தட்டு தாழும் என்பதைச் சபையோரே அறிவர்.

கீழ்ப்பிரிவுச் சமநிலம் கிடைத்தது. வீடுகள் எழுந்தன. ஒவ்வொரு குடும்பமாய் இறங்கி வந்தது. தன் வீடு முடிந்த பின்னரும், மற்ற எல்லோரும் வந்து சேரட்டும் என்று கடைசிவரை மலையிலிருந்தவர் தெரேசம்மா அம்மையார். கடந்த மாதம் அவர் பால் பொங்கவைத்து வீடு புகுந்தபோது, மேட்டிலிருந்த கல்லையும் இளைஞர்கள் சுமந்து வந்தார்கள். புதுக் குடியிருப்பின் முகப்பில் நிறுத்துவோம் என்றனர். தாங்கள் மறுத்து, பொதுக் குழாயடியில், எழுத்துள்ள பக்கம் மண்ணைப் பார்க்கப் படுக்க வைத்தீர்கள். இப்போது அதில் துணி துவைக்கிறார்கள்.

அன்று தங்கள் கையில் முதற் கோப்பையைக் கொடுத்து அம்மையார் சொன்னது இங்கு கூடியிருப்போர் பலருக்கும் கேட்டது.

"எல்லாரும் வந்துட்டோம் தலைவரே. இனி நீங்க வீட்டுக்குப் போங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை தாங்கள் மாடி அறையின் சாவியை ஜஸீல் நானாவிடம் கொடுத்தீர்கள். தங்களுக்கு ஓய்வளிக்கும் அதிகாரம் கலைந்துபோன சபையிடம் இருக்கவில்லை; வராத தேர்தலிடமும் இருக்கவில்லை. கடைசி லயத்துக் கடைசி மனுஷியிடமே அது இருந்தது என்பதை நாங்கள் அப்போதுதான் விளங்கிக்கொண்டோம்.

ஆகவே, அன்புக்குரியவரே! தங்கள் துணைவியாரோடும் பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் நோயறியா உடலும் நொடியாத உள்ளமும் பெற்று நெடுங்காலம் வாழ இறைவனை இறைஞ்சுகின்றோம். அத்துடன் ஒரே ஒரு விண்ணப்பம். இன்றும் வானம் இருண்டிருக்கிறது. சிவனொளிபாத மலைப் பக்கம் இடியும் கேட்கிறது. பெய்தால் பெய்யட்டும். எழுந்திருக்க வேண்டாம், தொலைபேசியைத் தேட வேண்டாம், ஐயா. மழையோசை கேட்டுக்கொண்டே உறங்குங்கள்.

இங்ஙனம்,
தங்கள் பணியில் உடன்நின்ற
மக்கள் சந்திப்பு அலுவலகப் பணியாளர்களும்
தும்பகொல்லைத் தோட்டக் கமிட்டியினரும்
கித்துல்கல