அடியிலிருந்த பச்சை

ஒரு வீட்டின் முகத்துக்கு நான் கேட்கும் விலை ஆயிரத்து எண்ணூறு டாலர். தேநீரோடு கேக்கும் வந்தால் நூறு குறைத்துக்கொள்வேன். எங்கள் ஊர் பாலாரட்டில் இது நியாயமான விலைதான். வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள், விசாரிப்பது உங்கள் தொழில்தானே.

என் தொழில் பழைய வீடுகளுக்கு வண்ணம் சொல்வது. வெளியே சுவர், தூண், வராந்தாவின் இரும்புப் பூவேலை. உள்ளே கூடம், கூரையோரப் பட்டை. எதற்கு எது பொருந்தும் என்று சொல்வேன், நானே அடித்தும் தருவேன். அப்பா பெயிண்ட் கடை வைத்திருந்தார். வெள்ளை கேட்டு வந்தவரிடம் எந்த வெள்ளை என்று கேட்டே நாலு டின் தள்ளிவிடுவார். அந்த வாய் எனக்கும் உண்டு.

ஹோஸ்கிங் தம்பதி அந்த மரவீட்டை வாங்கியபோது அது வெள்ளைப் பன்றிக்குட்டியின் இளஞ்சிவப்பில் இருந்தது. கணவர் லாக்லனுக்கு அடர்சாம்பல் வேண்டும். தெரு முழுக்க இப்போது அதுதான்.

"சாம்பல் அடிச்சா பேங்க் மாதிரி இருக்கும் லாக்லன். கடன் கேட்டு ஆளுங்க வாசல்ல நிப்பாங்க."

"உங்க பேச்சைக் கேட்டா சர்க்கஸ் கூடாரம் மாதிரி இருக்கும் மெர்வ். டிக்கெட் கேட்டு நிப்பாங்க."

மனைவி டீகன் சிரித்தாள். அவள் இடுப்பில் எல்சி, ஒன்றரை வயது. "முதல்ல இந்த வீடு என்ன கலர்ல இருந்துச்சுன்னு பாருங்க. அப்புறம் ரெண்டு பேரும் சண்டை போடலாம்."

அதற்கு வழி எளிது. தூணில் காசு அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்தால், ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பச்சை இருந்தது. இன்று உயிரோடிருக்கும் யாரும் பார்த்திராத பச்சை.

அவ்வளவு பழைய பூச்சில் ஈயம் இருக்கும், குழந்தைகளுக்கு அது விஷம். அதைச் சோதிக்க ஒரு குச்சி உண்டு. ஈயம் பட்டால் முனை சிவக்கும். சிவந்தது. குச்சியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். சொல்லியிருந்தால் குடும்பம் வெளியேற வேண்டும். ஈயம் அகற்றும் முகமூடி ஆட்கள் வந்து, கரைக்கும் பசையைப் பூசி, எல்லாப் பூச்சையும் ஒன்றாக வழித்துப் பையில் கட்டிப்போவார்கள். காசளவு வட்டத்தில் வண்ணம் தெரியும், அமைப்பு தெரியாது. எந்த வளைவுக்குப் பச்சை, எதற்குச் செங்காவி, எதற்கு வெண்ணெய் நிறம் என்பது வராந்தா முழுவதையும் உலர்வாகத் தேய்த்தால்தான் கிடைக்கும். வழித்துப்போட்டால் அப்புறம் சாம்பல்தான்.

டீகன் எதையோ படித்துவிட்டு வந்தாள். "மெர்வ், பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்குமாமே. இவ கண்டதையும் வாயில வைப்பா. டெஸ்ட் பண்ணிட்டீங்களா?"

"உங்க கண்ணு முன்னாடியே பண்ணிடறேன்."

அண்மையில் மாற்றிய புது ஜன்னல் சட்டத்தில் இன்னொரு குச்சியைத் தேய்த்தேன். சிவக்கவில்லை. அவள் நிம்மதியாக மூச்சுவிட்டு உள்ளே போய்க் கேக் எடுத்துவந்தாள்.

வாரக்கணக்கில் தேய்த்தேன். முகமூடி போட்டுக்கொண்டேன்; தூசி எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவைத்தேன். வெண்தூள் படிக்கட்டிலும் பொம்மைகளிலும் கூடத்துக் கம்பளத்திலும் படிந்தது. எல்சி வராந்தாவின் மரக் கைப்பிடியைப் பிடித்து நிற்கவும், அதை நக்கவும் பழகினாள். ஈயம் இனிக்கும்.

"பாருங்க, உங்க பச்சை அவளுக்குப் பிடிச்சுப்போச்சு," என்றாள் டீகன்.

"ரசனை உள்ள பொண்ணு," என்றேன்.

பிறகு குழந்தை சாப்பிட மறுத்தாள். வாந்தி எடுத்தாள், ஓயாமல் அழுதாள். டீகன் தூக்கமில்லாத கண்களோடு என்னிடம் வந்தாள்.

"உங்களுக்கு என்ன தோணுது மெர்வ்? நீங்க பிள்ளைங்களை வளத்தவரு."

"பல்லு மொளைக்குது. வேற ஒண்ணும் இல்ல."

அன்று இடப்பக்கத் தூணின் கழுத்து வளைவு மட்டும் மிச்சமிருந்தது. அது செங்காவியா பச்சையா என்று இன்னும் தீரவில்லை. மாலைக்குள் தீர்ந்தது. செங்காவிதான்.

அந்த வாரமே குழந்தைக்கு வலிப்பு வந்தது. மெல்போர்ன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கிளம்பும்போது லாக்லன் சாவியை என் கையில் திணித்தார்.

"எந்தக் கலரா இருந்தாலும் சரி மெர்வ், முடிச்சிடுங்க. அவ திரும்பி வர்றப்போ வீடு அழகா இருக்கணும்."

என்ன காரணம் என்று தெரியாமல் மருத்துவர்கள் தடுமாறினார்களாம். நான் ஒரு போன் செய்திருக்கலாம் என்கிறீர்கள். செய்திருக்கலாம். கையெல்லாம் பெயிண்ட். பூச்சைப் பாதியில் விட்டால் திட்டுத்திட்டாகக் காய்ந்துவிடும். எப்படியும் அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்.

கணக்கை நேராகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். செலவுப் பக்கத்தில்: தெரிந்தே ஏமாற்றினேன், அவள் நக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பல் என்று பொய் சொன்னேன். எல்சிக்கு வரத் தொடங்கியிருந்த பேச்சு நின்றுவிட்டது. இனி வருமென்று யாரும் சொல்லவில்லை. வரவுப் பக்கத்தில்: அந்தத் தெருவிலேயே அசல் முகத்தோடு நிற்கும் ஒரே வீடு. அது அவர்களுடையது. நான் கூலிகூடக் கேட்கவில்லை. முன்கதவுக்கு மட்டும் இரண்டாம் பூச்சு பாக்கி. படியேற விடமாட்டேன் என்கிறார்கள். அந்த ஒன்றுதான் மனதை உறுத்துகிறது.